பனிநாட்டில் வாழை

வாழை வெப்பநாட்டுக்குரிய பயிர். தமிழர் வாழ்விலே பந்தற்காலிற் கட்டும் மங்கலப் பொருளாயும், உணவு படைக்கும் இலையாயும், கறியாயும், கனியாயும் அது பல்லாற்றானும் பயன்படுகின்றது. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் வாழைக்குட்டியை நடும்போது நீரைப் பற்றிக் கவலையுறுவான். குலை தள்ளும் காலத்திலே காற்றைப் பற்றிக் கவலையுறுவான். குளிரைப் பற்றி அவன் எண்ணவேண்டிய தேவை ஒருகாலும் நேர்வதில்லை. ஆயின், மாரிகாலத்திலே குளத்து நீர் கல்லென உறையும் நாடுகளிலும் வாழை வளர்க்கப்பட்டு வந்துள்ளது. ஆங்குள்ளோர் அதனை எவ்வாறு மாரி கழியக் காத்தனர், இளவேனில் வந்ததும் எவ்வாறு மீள நட்டனர் என்னும் செய்தி ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை உடையது.

இவ்வரலாற்றிலே இரு நெறிகள் காணப்படுகின்றன. ஒன்று, கண்ணாடியாலும் நெருப்பாலும் வெப்பநாடொன்றைச் செயற்கையாக அமைத்து, வாழைக்கு மாரி என்பதே தெரியாதவாறு செய்தல். இது செல்வர் நெறி. மற்றொன்று, மாரி வருதலை ஏற்றுக்கொண்டு, இலையும் தண்டும் அழிய நேரினும் கிழங்கைக் காத்து, இளவேனிலிலே அது மீளத் தளிர்க்குமாறு செய்தல். இது வாழையின் இயல்பை அறிந்தோர் நெறி. முன்னையது வாழைக்குப் புகழ் தந்தது. பின்னையது அதற்குக் குளிர்நாட்டிலே நிலைத்த வாழ்வைத் தந்தது.

வாழையின் இயல்பு

வழக்கிலே வாழைமரம் எனக் கூறப்படினும், தாவரவியலார் வாழையை மரம் எனக் கொள்ளார்; அது மிகப் பெரியதொரு பூண்டு. நிமிர்ந்து நிற்கும் தண்டு இலைமடல்கள் ஒன்றையொன்று இறுகப் பொதிவதால் உண்டாகும் போலித்தண்டேயாகும். மெய்த்தண்டு மண்ணுள்ளே கிழங்காக அமைந்திருக்கின்றது. புதிய இலைகளைத் தோற்றுவிக்கும் முளை, பூக்கும் பருவம் வரும்வரை, அக்கிழங்கின் தலைப்பிலே நிலமட்டத்தை ஒட்டியே இருக்கும். பருவம் வந்த பின்னரே அது போலித்தண்டின் நடுவழியாக மேலேறிப் பொத்தியாக வெளிப்படும். குலை ஈன்ற தண்டு மடியும். கிழங்கின் பக்கத்திலே முளைத்த குட்டிகள் அதன் இடத்தைப் பெறும். ‘வாழையடி வாழையாக’ என்னும் தமிழ் வழக்கு இவ்வியல்பையே சுட்டி நிற்கின்றது.

வாழை சதமவளவையில் ஏறத்தாழ 27 பாகை வெப்பத்திலே செழித்து வளரும். வெப்பம் 14 பாகையளவிற்குக் கீழே இறங்கும்போது அதன் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும். உறைநிலையை அடையும்போது இலைகள் கருகித் தொங்கும். இலையின் கலங்களிலே நீர் மிகுந்திருத்தலால், உறைபனி தாக்கிய ஓரிரவிலேயே பசிய தோட்டம் சருகுத் தோட்டமாகிவிடும். ஆயினும் நிலம் காற்றைப்போல விரைவிலே குளிர்வதில்லை. மேலே வைக்கோலோ சருகோ தடித்த போர்வையாக இடப்படின், கிழங்கைச் சூழ்ந்த மண் காற்றிலும் வெப்பமுடையதாக நெடுநாள் இருக்கும். ஆகவே, குளிர்நாட்டிலே வாழையைக் காத்தல் என்பது உண்மையிலே கிழங்கையும் அதன் தலைப்பிலுள்ள முளையையும் காத்தலேயாகும்.

குளிரோடு பிறிதொரு பகையும் உண்டு; அது ஈரம். குளிரால் வளர்ச்சி ஓய்ந்த கிழங்கு நீரை உறிஞ்சுவதில்லை. அந்நிலையிலே மண் நனைந்து கிடப்பின் கிழங்கு அழுகும். வெப்பநாட்டிலே வாழைக்கு உயிராகிய நீரே, குளிர்நாட்டு மாரியில் அதற்கு நஞ்சாகின்றது. இவ்வுண்மையை உணர்தற்கு ஐரோப்பியருக்கு நெடுங்காலம் சென்றது.

இலண்டன் கடையும் ஒல்லாந்துத் தோட்டமும்

இங்கிலாந்திலே வாழை முதலிற் கனியாகவே அறிமுகமாயிற்று. தோமசு யோன்சன் என்னும் மூலிகை வணிகர் பெர்மியூடாத் தீவிலிருந்து வந்த வாழைக்குலை ஒன்றை 1633ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே இலண்டன் மாநகரிலிருந்த தம் கடையிலே தொங்கவிட்டார். காய்கள் மே மாதத்திலே பழுத்தன. யூன் மாதம் வரை இருந்தன. யோன்சன் அக்குலையின் படத்தை, அவ்வாண்டிலே தாம் திருத்தி வெளியிட்ட செறாட்டின் மூலிகை நூலிலும் சேர்த்தார். கனி வந்ததேயன்றிச் செடி வளரவில்லை. செடியை வளர்த்துப் பூக்கச் செய்த புகழ் பெற்ற நிகழ்ச்சி அதன்பின் நூறாண்டு கழித்து ஒல்லாந்திலே நடைபெற்றது.

ஆலெம் நகருக்கு அண்மையில் உள்ள ஆட்டெகாம்பு என்னும் இடத்திலே யோட்சு கிளிபோட்டு என்னும் செல்வருக்கு ஒரு தோட்டம் இருந்தது. அவர் வங்கித் தொழில் புரிந்தவர். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணிப்பாளருள் ஒருவர். இலங்கையின் கரையோரம் அக்கம்பனியின் ஆட்சியில் இருந்த காலம் அது. அவருடைய தோட்டத்திலே தென்னைரோப்பா, ஆசியா, ஆபிரிக்கா, அமெரிக்கா என நாற்பாலுக்கும் உரிய தாவரங்களைத் தனித்தனியே வைத்து வளர்க்கும் நான்கு வெப்பமனைகள் இருந்தன. சுவீடன் நாட்டு இளைஞராகிய காள் இலின்னேயசு 1735ஆம் ஆண்டிலே அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார்.

அங்கிருந்த வாழை பூவாது நின்றது. வெப்பம் குறைந்தமையால் அன்று. வெப்பமனையிலே வெப்பத்துக்குக் குறைவில்லை. வெப்பநாட்டிலே வறட்சியும் மழையும் மாறி மாறி வருவதை இலின்னேயசும், தோட்டக்காரராகிய தீத்திரிக்கு நீற்செலும் எண்ணிப் பார்த்தனர். வளமான மண்ணிலே வாழையை நட்டு, சில கிழமைகள் நீரை நிறுத்திப் பின்னர் மழை பொழிந்தாற்போல மிகுதியாக நீர் வார்த்தனர். 1736ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, வெளியே கடுங்குளிர் நிலவிய காலத்திலே, வாழை பூத்தது; பின்னர்க் காயும் காய்த்தது. இலின்னேயசு அவ்வாண்டிலேயே அவ்வாழையைப் பற்றி ‘மூசா கிளிபோட்டியானா’ என்னும் நூலை இயற்றி வெளியிட்டார். வாழை என்னும் ஒரு தாவரத்துக்கே உரியதாக எழுந்த முதல் ஆராய்ச்சி நூல் அதுவெனக் கொள்ளப்படுகின்றது. மூசா என்னும் இனப்பெயர் அராபியர் வாழைக்கு வழங்கும் மௌசு என்னும் சொல்லோடு தொடர்புடையது. இவரே பின்னர் 1747ஆம் ஆண்டிலே இலங்கைத் தாவரங்களைப் பற்றிப் ‘புளோரா செய்லானிக்கா’ என்னும் நூலையும் வெளியிட்டார்.

ஆட்டெகாம்பு நிகழ்ச்சியிலே ஒரு நுட்பம் உண்டு. வாழையைப் பூக்கச் செய்தது அடுப்பின் வெப்பம் மாத்திரம் அன்று. நீரை அளந்து நிறுத்தி, அளந்து அளித்த முறையுமாகும். வாழைக்கும் ஓய்வுண்டு என்பதும், ஓய்விலே அதனை உலர்வாக வைத்தல் வேண்டும் என்பதும் அன்றே வெளிப்பட்டன. ஆயினும் அடுத்து வந்த நூறாண்டில் மேனாட்டார் மனத்தைக் கவர்ந்தது இந்நுட்பம் அன்று, கண்ணாடியும் கரியுமே.

சாற்சுவேத்து வாழை

அக்காலத்து வெப்பமனைகளிலே இருவகையால் வெப்பம் ஊட்டப்பட்டது. சுவரினுள்ளே புகைவழி அமைத்து அடுப்பெரித்தல் ஒரு வகை. தோல் பதனிடுவோர் பயன்படுத்திக் கழித்த மரப்பட்டைத் தூளைக் கிடங்குகளில் நிரப்பி, அது புளித்துப் பிறப்பிக்கும் சூட்டிலே செடிச்சாடிகளைப் புதைத்து வைத்தல் மற்றொரு வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இரும்புக் குழாய்களில் வெந்நீரைச் செலுத்தும் முறை வந்தது. இங்கிலாந்திலே கண்ணாடிக்கு விதிக்கப்பட்டிருந்த வரி 1845ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டமையும் கண்ணாடி மனைகள் பெருகத் துணைசெய்தது.

இந்நெறியின் உச்சம் டேபிசயர் மாகாணத்துச் சாற்சுவேத்து மாளிகையிலே காணப்பட்டது. டெவன்சயர்க் கோமகனாகிய வில்லியம் கவெண்டிசு 1826ஆம் ஆண்டிலே யோசேப்பு பாக்சுற்றன் என்பவரைத் தலைமைத் தோட்டக்காரராக நியமித்தார். அப்போது பாக்சுற்றனுக்கு வயது இருபத்திரண்டு. சீன தேசத்தின் தென்பகுதியிலிருந்து மொரீசியசுத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்த குள்ள வாழையொன்றை, அத்தீவில் வாழ்ந்த சாள்சு தெல்பெயர் இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். அதன் வழிவந்த ஒரு செடி சாற்சுவேத்தை அடைந்தது. பாக்சுற்றன் கிடங்கிலே வளமான மண்ணையும் மக்கிய எருவையும் நிரப்பி, நீரை நிறைய வார்த்து, வெப்பத்தை 18 முதல் 30 பாகை வரையில் வைத்துப் பேணினார். 1835ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அது பூத்தது; அடுத்த மே மாதத்திலே நூற்றுக்கு மேற்பட்ட காய்களைத் தாங்கி நின்றது. இலண்டன் தோட்டக்கலைச் சங்கம் அதற்குப் பதக்கம் வழங்கிற்று. கோமகனின் குடிப்பெயரால் அவ்வாழை கவெண்டிசு வாழை எனப் பெயர் பெற்றது.

இவ்வாழை வெப்பமனைக்கு ஏற்றதாய் அமைந்தமைக்குக் காரணம் அதன் குள்ளத்தன்மை. நெடிதுயரும் வாழைக்குக் கூரையை உயர்த்தவேண்டும். கூரை உயர உயர வெப்பமூட்டும் செலவும் உயரும். ஆளுயரத்திலே நின்று, பெருங்குலை ஈனும் வாழை குறைந்த கூரைக்கும் குறைந்த கரிக்கும் இசைந்தது. ஆகவே குளிர்நாட்டின் தேவையே பல இனங்களுள் இதனைத் தெரிந்தெடுத்தது எனலாம்.

சாற்சுவேத்து வாழையின் குட்டிகள் வெளிநாடுகளுக்கும் சென்றன. சமயத்தொண்டராகிய யோன் வில்லியம்சு 1838ஆம் ஆண்டிலே பசிபிக்குத் தீவுகளுக்குப் புறப்பட்டபோது, கண்ணாடியால் மூடிய பெட்டியில் வைத்து இவ்வாழையைச் சமோவாவுக்குக் கொண்டுசென்றார். மறு ஆண்டிலே அவர் எரோமங்காத் தீவிலே கொல்லப்பட்டார். வாழையோ சமோவாவில் வேரூன்றி அயற்றீவுகளுக்கும் பரவிற்று. இன்று உலகச் சந்தைக்கு ஏற்றுமதியாகும் வாழைப்பழத்தின் மிகப்பெரும்பகுதி கவெண்டிசுக் குழுவைச் சேர்ந்தது. இதனால் உலகத்துக் கவெண்டிசு வாழைகள் யாவும் சாற்சுவேத்துச் செடியின் வழிவந்தனவே என்று கூறுவாருமுளர். அக்கூற்று மிகைபடக் கூறலாகும். அவ்வினத்தின் பல வகைகள் தென்கிழக்காசியாவிலும் சீனத்திலும் முன்னரே வழங்கின. மொரீசியசிலிருந்து வேறு வழிகளாலும் அவை பரவின. தமிழ்நாட்டிலே குள்ளமான பச்சை வாழைக்கு ‘மோரிசு’ என்னும் பெயர் வழங்குவது மொரீசியசுத் தொடர்பைக் காட்டுமேயன்றிச் சாற்சுவேத்துத் தொடர்பைக் காட்டாது. அன்றியும், கவெண்டிசு உலகச் சந்தையைக் கைப்பற்றியது 1950களிலும் 1960களிலுமேயாகும். அதற்குமுன் சந்தையிலே சிறந்திருந்த குரோ மிசெல் என்னும் வாழை பனாமா வாடல் நோயால் அழிந்தமையே அதற்குக் காரணம்.

பாக்சுற்றன் வாழையோடு நின்றாரல்லர். 1836ஆம் ஆண்டிலே அவர் சாற்சுவேத்திலே பெருங்கண்ணாடி மனையொன்றைக் கட்டத் தொடங்கினார். குதிரை வண்டியே உள்ளே சென்று வரத்தக்க அகற்சி உடையது அது. எட்டுக் கொதிகலங்கள் ஏழு மைல் நீளமான இரும்புக் குழாய்கள் வழியே அதற்கு வெப்பம் ஊட்டின. கரி வண்டிகள் காண்போர் கண்ணிற் படாதவாறு நிலத்தடிச் சுரங்கவழியால் வந்தன. முப்பதாயிரம் பவுணுக்கு மேற்பட்ட செலவில் அமைந்த அம்மனையை 1843ஆம் ஆண்டிலே விக்டோரியா அரசியார் கண்டு வியந்தார்.

அம்மனையின் முடிவு சிந்திக்கத்தக்கது. முதலாம் உலகப்போரின் காலத்திலே கரி போர்த்தேவைக்கு உரியதாயிற்று. கொதிகலங்கள் அணைந்தன. எழுபத்தைந்து ஆண்டளவாக நாளும் இரவும் ஓயாது காக்கப்பட்ட வெப்பநாட்டுச் செடிகள் குளிரால் மடிந்தன. வெறுங்கூடாய் நின்ற பெருமனை 1920ஆம் ஆண்டிலே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மாரியை முற்றாக மறுத்து நின்ற நெறி, நெருப்பு அணைந்ததும் தானும் அணைந்தது.

பொதுப் பூங்காவில் வாழை

கண்ணாடி மனை செல்வர்க்கே உரியதாயிருந்த காலத்திலே, வாழையைப் பொதுமக்கள் காணச் செய்தவர் யோன் கிப்சன் என்பவர். அவர் பாக்சுற்றனிடம் பயின்றவர். 1835ஆம் ஆண்டிலே கோமகனால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக் காசி மலைகளிலே அரிய செடிகளைத் திரட்டியவர். இலண்டனிலுள்ள பற்றசீப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற அவர், 1864ஆம் ஆண்டளவிலே அங்கே வெப்பநாட்டுத் தாவரங்களுக்கெனத் தனித்தோட்டம் ஒன்றை அமைத்தார். கோடை தொடங்கியதும் வாழை முதலிய பேரிலைச் செடிகள் திறந்தவெளியிலே நடப்பட்டன. மாரி வருமுன் மனைக்குள் எடுக்கப்பட்டன. தொழிலாளரும் சிறுவரும் கட்டணமின்றி வாழையிலையின் அழகைக் கண்டு மகிழ்ந்தனர். பாரிசு நகரத்துப் பூங்காக்களிலும் இவ்வழக்கம் அக்காலத்திலேயே நிலவியது.

இத்தகைய தோட்டங்களிலே பெரிதும் விரும்பப்பட்டது அபிசீனிய வாழை. எதியோப்பியாவிலே அதன் கனியன்றிக் கிழங்கும் தண்டுமே மக்களுக்கு மாவுணவாகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பயணஞ்செய்த யேம்சு புறூசு அதனை விரித்தெழுதினார். 1853ஆம் ஆண்டிலே அதன் விதைகள் கியூத் தாவரத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. இவ்வாழை இயல்பாகக் குட்டி ஈனுவதில்லை. ஆகையால் அதன் ஒரு செடியை இழத்தல் வழித்தோன்றல் யாவற்றையும் இழத்தலேயாகும். தோட்டக்காரர் மாரிக்கு முன் அதனை வேரோடு கிளறியெடுத்து, இலைகளைத் தறித்து, நீர் வடியவிட்டு, உறைபனி புகாத நிலவறைகளிலே உலர்வாக வைக்கலாயினர். மண்ணும் நீரும் ஒளியும் இன்றிப் பல மாதம் கிடந்த கிழங்கு இளவேனிலிலே நடப்பட்டதும் தளிர்த்தது.

வில்லியம் றொபின்சன் 1871ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலிலே இச்செடிகளைப் போற்றியதோடு, குளிரைத் தாமே தாங்கவல்ல பேரிலைச் செடிகளையும் நாடுதல் வேண்டும் என வற்புறுத்தினார். கண்ணாடியிலிருந்து நிலத்துக்கு மேனாட்டார் கருத்துத் திரும்பிய காலம் அது. அவர்கள் தேடிய வாழை கிழக்கே பன்னூறாண்டு முன்னரே வழக்கிலிருந்தது.

யப்பானியர் கண்ட நெறி

சீனத்துக்குரிய வாழையொன்று பண்டைக்காலத்திலேயே யப்பானுக்குக் கொண்டுவரப்பட்டு, கோயில்களிலும் மனைத்தோட்டங்களிலும் வளர்க்கப்பட்டது. யப்பானியர் அதனைப் பாசோ என்பர். அதன் காய் விதை நிறைந்தது, உண்ணத் தகாதது. குளிர் மிகுந்த இடங்களிலே அது காய்ப்பதும் அரிது. எனினும் அதன் அகன்ற இலையிலே மழைத்துளி விழும் ஒலிக்காகவும், காற்றிலே அது கிழிந்தாடும் தோற்றத்துக்காகவும் புலவர் அதனைப் போற்றினர்.

புலவர் பாசோவின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. 1644ஆம் ஆண்டிலே பிறந்த அவர், எதோ என வழங்கிய இற்றைத் தோக்கியோவின் புறத்தேயுள்ள புக்ககாவாவிலே சிறு குடிலில் வாழ்ந்தார். 1681ஆம் ஆண்டின் இளவேனிலிலே இறிக்கா என்னும் மாணவர் அக்குடிலின் முன் ஒரு வாழையை நட்டார். அது செழித்து வளரவே, குடிலை மக்கள் வாழைக்குடில் என அழைத்தனர். புலவரும் அவ்வாழையின் பெயரையே தம் பெயராகக் கொண்டார். 1682ஆம் ஆண்டின் மாரிகாலத்திலே நெருப்பு அக்குடிலை அழித்தது. மறு ஆண்டிலே மாணவர் மீண்டும் ஒன்று கட்டிக்கொடுத்தனர்.

1689ஆம் ஆண்டிலே அவர் வடநாட்டுக்கு நெடும்பயணம் புறப்பட்டபோது வீட்டைக் கைவிட்டார். வாழையைக் கைவிட மனம் இசையவில்லை. அதனை அயலிலிருந்த வேலியோரத்துக்குப் பெயர்த்து நட்டு, உறைபனிக்கு மூடாக்கு இடவும் காற்றுக்கு மறைப்புக் கட்டவும் அயலாரை மீண்டும் மீண்டும் வேண்டிக்கொண்டு சென்றார். 1692ஆம் ஆண்டிலே மாணவர் புதுக்குடில் அமைத்தபோது, அவ்வாழைகள் அங்கே பெயர்த்து நடப்பட்டன. இச்செய்தியை அவரே தாம் எழுதிய உரைநடை ஒன்றிலே கூறுகின்றார். வரலாற்றறிஞனுக்கு இது மதிப்புள்ள சான்று. பொருளற்ற புலவர் ஒருவரின் வாழை மூன்று மாரிகளைக் கடந்து வாழ்ந்தது. அதற்கு வேண்டியிருந்தவை ஒரு மூடாக்கும் ஒரு மறைப்பும் அயலாரின் நல்லெண்ணமுமே.

யப்பானியக் கவிதை மரபிலே ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய சொற்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் கிழிந்த வாழை கூதிர்காலத்துக்கும், பட்ட வாழை மாரிகாலத்துக்கும், சுருண்டெழும் வாழைக்குருத்து வேனிலின் தொடக்கத்துக்கும் உரியன. வாழை ஆண்டுதோறும் மடிந்து ஆண்டுதோறும் எழுதலை அந்நாட்டார் குறைபாடாகக் கருதினரல்லர். பருவத்தின் ஒழுங்காகவே கண்டனர். சாற்சுவேத்திலே ஓரிலை கருகுவதும் தோல்வி. எதோவிலே இலை கருகுவது மாரியின் வரவு மாத்திரமே.

யப்பானிலிருந்த ஒல்லாந்தர் வணிக நிலையத்திலே 1823 முதல் 1829 வரை மருத்துவராகப் பணியாற்றிய பிலிப்பு பிரான்சு வொன் சீபோல்டு இவ்வாழையை மேனாட்டு அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தினார். மூசா பாசூ என்னும் தாவரவியற் பெயரிலே யப்பானியச் சொல்லே நிலைபெற்றுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வீச்சு என்னும் செடிவணிக நிறுவனத்தார் மூலம் அது இங்கிலாந்துக்கு வந்தது. இன்று வட ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் குளிர்மிகு பகுதிகளிலும் திறந்தவெளியிலே வளர்க்கப்படும் வாழை பெரும்பாலும் இதுவே.

மாரி கழித்தலும் இளவேனில் நடுகையும்

இவ்விரு நெறிகளிலும் பெற்ற அறிவு ஒன்றுசேர்ந்து இற்றை வழக்கமாயிற்று. முதல் உறைபனி இலைகளைக் கருக்கும்வரை வாழையை நிலத்திலே விட்டுவைப்பர். இங்கிலாந்திலே அது பெரும்பாலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நிகழும். பின்னர் இலைகளைத் தறித்துத் தண்டை மாத்திரம் நிறுத்தி, அதனைச் சூழக் கம்பிவலைக் கூடு கட்டி, உலர்ந்த வைக்கோலைச் செறிவாகத் திணிப்பர். மழைநீர் உட்புகாதவாறு மேலே ஒரு மூடி இடுவர். குளிர் மிகக் கடிய இடங்களிலே தண்டையும் முழங்காலளவிலே தறித்துவிட்டுக் கிழங்கின்மேல் ஓரடித் தடிப்பிலே சருகைக் குவிப்பர். இவ்வாறு காத்தால் பாசோ வாழையின் கிழங்கு உறைநிலைக்குக் கீழ்ப் பத்துப் பாகைக் குளிரையும் தாங்கும். உண்ணும் வாழைகளுக்கு அத்தகைய வலிமை இல்லை. அவற்றைச் சாடியோடு மனைக்குள் எடுத்து, நீரைப் பெரிதும் குறைத்து, ஓய்விலே வைத்தல் வேண்டும்.

தண்டைக் காத்தலுக்கும் கிழங்கை மாத்திரம் காத்தலுக்கும் வேறுபாடு உண்டு. தண்டு உயிரோடிருந்தால் அடுத்த ஆண்டு வளர்ச்சி அதன் உச்சியிலிருந்தே தொடரும். ஈராண்டு மூவாண்டிலே பொத்தி தள்ளவும் கூடும். கிழங்கு மாத்திரம் எஞ்சினால் வளர்ச்சி நிலமட்டத்திலிருந்து தொடங்கும். ஒரு கோடை பூப்பதற்குப் போதாது. ஆகவே பூவை விரும்புவோர் தண்டைப் பொதிவர். இலையழகு போதும் என்போர் கிழங்கைப் பொதிவர்.

இளவேனில் நடுகையிலே பொறுமையே தலையாயது. ஏப்பிரில் மாதத்து வெயிலைக் கண்டு போர்வையை நீக்கியவர் மே மாதத்து உறைபனியால் இளங்குருத்தை இழந்ததுண்டு. ஆகையால் உறைபனியின் அச்சம் நீங்கும்வரை, இங்கிலாந்தின் பெரும்பகுதியிலே மே மாதத்தின் பிற்பாதிவரை, காத்திருத்தல் முறை. மனைக்குள் இருந்த செடியை உடனே வெயிலிலும் காற்றிலும் நிறுத்தலாகாது. பகலில் வெளியேயும் இரவில் உள்ளேயுமாகச் சில நாள் பழக்குதல் வேண்டும். நீர் தேங்காத, காற்று மோதாத இடத்தைத் தெரிந்து, எருவும் பசளையும் நிறைய இட்டு நடுவர். மண் சூடேறிய பின்னரே நீரைக் கூட்டுவர். கோடை முதிர்ந்ததும் ஏறத்தாழக் கிழமைக்கோர் இலையாக வாழை எழும். வெப்பநாட்டிலே ஆண்டு முழுவதும் பரந்து நிகழும் வளர்ச்சி, அங்கே நான்கைந்து மாதங்களுள் அடங்கிவிடுகின்றது.

குளிர்நாட்டிலே உண்ணத்தக்க கனியையும் பெறவேண்டின் இன்றும் வெப்பமனையே வேண்டும். இதற்கு ஐசுலாந்து வேறொரு வழி கண்டது. அந்நாட்டிலே நிலத்தடியிலிருந்து இயல்பாக வெந்நீர் எழுகின்றது. அதனைக் குழாய்களிற் செலுத்தி 1940களிலே வெப்பமனைகளில் வாழை பயிரிட்டனர். இறக்குமதிப் பழம் மலிந்தபின் அது வணிகப் பயிராக நிலைக்கவில்லை. எனினும் இன்றும் அந்நாட்டு வெப்பமனையிலே வாழை காய்க்கின்றது. கரி அணைந்தால் அணையும் நெறியன்று அது. நிலத்தின் இயல்பையே துணையாகக் கொண்ட நெறி.

முடிவு

இருநெறிகளையும் ஒருங்கு நோக்குவார்க்குச் சில உண்மைகள் புலப்படும். கண்ணாடி நெறியை இகழ்தல் நேர்மையாகாது. இலின்னேயசின் நூலும், பாக்சுற்றனின் கட்டடக் கலையும், அதன் வழியாக 1851ஆம் ஆண்டிலே இலண்டனில் எழுந்த பளிங்கு மாளிகையும் அந்நெறியின் பயன்களே. ஆயினும் வாழையை வாழவைப்பதற்கு அது கேட்ட விலை பெரிது. கோமகனின் செல்வமும், சுரங்கத் தொழிலாளர் அகழ்ந்த கரியும், இரவெல்லாம் அடுப்பைக் காத்தவரின் உழைப்பும் ஒருநாளும் தவறாது கிடைத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று தவறியபோது யாவும் அழிந்தன. மற்றைய நெறி கனி தரவில்லை. இலையை ஆண்டுதோறும் இழக்கவும் உடன்பட்டது. ஆயின் வாழையின் உயிர் எங்குள்ளது என்பதை அறிந்து, அதனை மாத்திரம் விடாது காத்தது.

ஆட்டெகாம்பிலே நீரை அளந்து நிறுத்திய தோட்டக்காரரும், நிலவறையிலே கிழங்கை உலரவைத்த பூங்காப் பணியாளரும், புலவரின் வாழைக்கு மூடாக்கிட்ட பெயரறியா அயலாரும் ஒரே அறிவைக் கைக்கொண்டவர்கள். அவ்வறிவு வெப்பநாட்டுக் கமக்காரனுக்குப் புதிதன்று. குலை வெட்டிய தண்டைத் தறித்துவிட்டுக் கிழங்கையும் குட்டியையும் பேணுகின்ற அவனும், வாழையின் வாழ்வு மேலே தெரிவதிலே இல்லை என்பதை நன்கறிந்தவனே. நிலமும் பருவமும் வேறாயினும், வாழையைக் காத்த அறிவு எங்கும் ஒன்றேயென்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.